மீசை வெச்ச செவிலித்தாய்

வா பேராண்டி, உக்காரு. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, ராத்திரி தூக்கமில்ல. சிறுசேரி கம்பெனியில பத்துப் பேரை மேய்க்கிற ஆளை, நாலு மாசத்துக் குட்டி ஒண்ணு மேய்ச்சுப் போட்டுச்சு. எனக்கும் வயசாவுது, சிரிக்கிறதுக்குக் காரணம் கொறைஞ்சுக்கினே வருது. நீ பூஞ்சேரியில குடியிருக்கிற வரைக்கும் அந்தக் கவலை இல்ல.

ஃபாஸ்டர்னு இன்னாமோ சொன்னே. நாய் நம்மளுது இல்ல, தத்து எடுக்கிறவங்க கெடைக்கிற வரைக்கும் நம்ம வீட்டுல வெச்சிருக்கணும். தீனி போடறது நாம, மூத்திரம் தொடைக்கிறது நாம, கடி வாங்கறது நம்ம காலு. பேச்சு கேக்கிற புத்தி வந்ததும் யாரோ கார்ல வந்து ஏத்திக்கினு பூடுவாங்க. ராசா கதையில வர்ற செவிலித்தாய் உத்தியோகம்தான்டா இது. அவளுக்காவது அரண்மனைச் சாப்பாடு கெடைச்சுது. உனக்கு மீசை ஒண்ணுதான் மிச்சம்.

பேரு பிக்சலாம். வெச்சது யாரு, நீயா? அப்ப பாதிக் கிணறு தாண்டிட்டே, மீதிக்குக் கீழ பாத்துக்கோ. பேரு வெச்சவனுக்குக் குடுக்க மனசு வராதுன்னு ஆடு வளக்கிறவனுக்குத் தெரியும். கசாப்புக்குப் போற கெடாவுக்கு நாங்க பேரே வெக்கிறதில்ல.

குட்டியோட ஆத்தாளை எனக்கே தெரியும், கூட்ரோட்டு டீக்கடை வாசல்ல பன்னு தின்னு வளந்தவ. அப்பன்தான் ஈசிஆர் பண்ணை வீட்டுக்காரங்க கொண்டாந்த பார்டர் கோலின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. கோலின்னா எனக்குத் தெரிஞ்சது சோடாவும் விராட்டும்தான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கிறாளே என் பேத்தி, அவதான் விளக்கமாச் சொன்னா. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இருக்கிற எல்லையோர மலையில ஆடு ஓட்டற ஜாதியாம் அது. 1893-ல நார்தம்பர்லாந்துல ஆடம் டெல்ஃபர்னு ஒருத்தர்கிட்ட பொறந்த ஹெம்ப்ங்கிற நாய்தான் இந்தக் குலத்துக்கே மூலபுருஷனாம். குலைக்காம, மேல விழாம, சும்மா முறைச்சே ஆட்டை நகத்துமாம். உங்க பாட்டி இருந்த வரைக்கும் என்னை நகத்தினதும் அப்பிடித்தான், அதனால நான் ஆச்சரியப்படல.

போன வாரம் அதை இங்க அவுத்து விட்டியே, அப்ப நான் நல்லா கவனிச்சேன். குட்டி ஓடல. கொட்டகை வாசல்ல தலையைத் தோளுக்குக் கீழ எறக்கி, முன்னங்கால் ஒண்ணை மடக்கித் தூக்கினது தூக்கின வாக்குல அந்தரத்துல வெச்சுக்கினு நின்னுச்சு. வாலு நேரா கீழ. கண்ணு சிமிட்டல. என் செம்மறிக் குட்டிங்க மேயறதை விட்டுட்டுத் தலையைத் தூக்கிச்சுங்க. இது ஒரு அடி முன்னால வெச்சுது, அதுங்க ஒரு அடி பின்னால. இது அரை வட்டமா சுத்திக்கினு வந்துச்சு, அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு வேலிக்காத்தான் முள்ளுல பூட்டு சாஞ்சுதுங்க. முள்ளு குத்தினது என் ஆட்டுக்கு. நீ போன்ல வீடியோ புடிச்சுக்கினு இருந்தே.

யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? இல்ல. ரத்தத்துல வந்த வித்தை. சிக்கலே அங்கதான் இருக்கு, ஏன்னா நம்ம பக்கம் நாய்க்கு இந்த வேலையே கெடையாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ல இருக்கிறது மெட்ராஸ் ரெட் செம்மறி. செம்பழுப்பு நெறம், உடம்புல கம்பளி கெடையாது. காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்துல கூட அதை வெச்சு வளக்கிறாங்க. அதை ஓட்டறது ஆளு. கையில தொரட்டி, வாயில சத்தம், முடிஞ்சுது. நாய் எதுக்குன்னா ராத்திரி பட்டி ஓரம் படுத்துக்கினு நரிக்கும் திருடனுக்கும் குலைக்கிறதுக்கு. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைன்னு பேர் போன நாயெல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும்தான் பேர் போனது. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துக்குப் போய்ப் பாரு. கோவர்த்தன மலையைத் தூக்கினதுக்குக் கீழ பல்லவன் ஒரு ஆயர்பாடியையே நிறுத்தி வெச்சிருக்கான். பால் கறக்கிறவன் இருக்கான், கன்னை நக்கிக் குடுக்கிற பசு இருக்கு, தலையில பானை அடுக்கின பொம்பளை இருக்கா. மந்தை ஓட்டற நாய் மட்டும் என் கண்ணுல படல. 1,300 வருஷத்துக்கு முந்தியே இந்த ஊர்ல அந்தப் போஸ்ட்டு காலி இல்லடா.

உங்க கம்பெனியில பெஞ்ச்சுன்னு சொல்வியே, ப்ராஜெக்ட் இல்லாத ஆளை சம்பளம் குடுத்து சும்மா உக்கார வெக்கிறது, உன் குட்டி இப்ப அங்கதான் இருக்கு. நீ பெஞ்ச்சுல இருந்த காலத்துல இன்னா பண்ணே? மூணு வேளையும் கேன்டீன்ல உக்காந்து மேனேஜரைத் திட்டினே. அது சோபாவைப் பிச்சுது, கேட்டு கொக்கியை மூக்கால தூக்கிவிட்டு வெளிய போச்சு, உன் பொண்டாட்டி செருப்புல இடது கால் செருப்பா மட்டும் பொறுக்கிக் கட்டிலடியில சேத்து வெச்சுது. இதைச் சேட்டைன்னு சொல்லாதே. வேலையத்தவன் செய்யற வேலை. அதுவும் ஒழுங்கா வகை பிரிச்சுச் செய்யுது பாரு, உனக்கு அது கூட வராது.

நீயா ஒரு வைத்தியம் கண்டுபுடிச்சே, ஓட்டம். விடியக்காலையில கடற்கரையில ஓட்டினா களைச்சுப் பூடும்னு பாத்தே. ஓட ஓட அதுக்கு மூச்சு பழகுது, உனக்கு மூட்டு தேயுது. இன்னிக்கு ஐஞ்சு ரதம் வரைக்கும் ஓடினா படுக்குது. இதே கணக்குல போனா அடுத்த மாசம் கோவளம் வரைக்கும் ஓடினாத்தான் படுக்கும், நீ ஆட்டோ புடிச்சுத் திரும்பி வருவே. அதோட அதுக்கு எலும்பு இன்னும் முத்தல. ஒரு வயசாவது தாண்டற வரைக்கும் வண்டிக்குப் பின்னால தார் ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு பேத்தி கறாரா சொல்லிட்டா.

காலுக்கு இல்ல, மண்டைக்கு வேலை குடு. தீனியைத் தட்டுல கொட்டி மூஞ்சிக்கு நேரா நீட்டறதை நிறுத்து. பழைய துண்டுல தூவி சுருட்டி முடிச்சுப் போடு, அவுத்துத் தின்னட்டும். நாலு கொட்டாங்கச்சியைக் கவுத்து வெச்சு ஒண்ணுக்கு அடியில மட்டும் வை. முந்தாநேத்து இங்கயே வெச்சுப் பாத்தேனே. முதல் தடவை நாலையும் தட்டி உருட்டிச்சு. ரெண்டாவது தடவை ஒவ்வொண்ணா மோந்து, மூணாவதுல நின்னு, மூக்கை விளிம்புல குடுத்து நெம்பிச்சு. அப்புறம் நான் வெக்கும்போதே என் கையைப் பாக்க ஆரம்பிச்சுட்டுது. நான் வெறுங்கையை வெக்கிற மாதிரி ஏமாத்தினேன், என் மூஞ்சியைப் பாத்துச்சு பாரு ஒரு பார்வை, கடன் குடுத்தவன் கூட அப்பிடிப் பாத்ததில்ல. கால் மணி நேரம். அப்புறம் திண்ணைக்கடியில போய்க் கட்டையாட்டம் தூங்கிச்சு. செலவு நாலு கொட்டாங்கச்சி.

பேத்தி போன்ல ஒரு சமாசாரம் படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல தெற்கு கரோலினாவுல ஜான் பில்லின்னு ரிட்டயர் ஆன சைக்காலஜி வாத்தியார். சேசர்ங்கிற பார்டர் கோலி பொட்டைக்கு 1,022 பொம்மையோட பேரைக் கத்துக் குடுத்தாராம். பேரைச் சொன்னா அந்தப் பொம்மையை மட்டும் எடுத்துக்கினு வருமாம். 2011-ல ஆராய்ச்சிக் கட்டுரையாவே போட்டுட்டாங்க. எனக்கு என் பேரப்பசங்க பேரே வரிசையா வராது, மூணு பேரைக் கூப்பிட்டு நாலாவதாத்தான் சரியான பேரு வரும். ஆனா அந்த மனுசன் தெனம் நாலஞ்சு மணி நேரம், மூணு வருஷம், ஒரு பொருளுக்கு ஒரே பேருன்னு உக்காந்திருக்காரு. உன் வீட்டுல நடக்கிறது இன்னா? நீ "கம்"ங்கறே, உன் பொண்டாட்டி "வாடி செல்லம்"ங்கறா, உங்கம்மா "தோ தோ"ங்கறா, எதிர்வீட்டு வாட்ச்மேன் "இதர் ஆவ்"ங்கறான். நாலும் ஒண்ணுதான்னு அது இத்தனை நாள்ல கண்டுபுடிச்சிருக்கு பாரு, அதுக்கே ஒரு பட்டம் குடுக்கலாம்.

வீட்டுல எல்லாரும் ஒரே சொல்லா வெச்சுக்கோங்க. அதோட கை சைகையும் பழக்கு. உள்ளங்கை மேல போனா உக்காரணும், கீழ போனா படுக்கணும். ஏன்னு கேளு. நாளைக்கு அது போற வீடு தெலுங்கு வீடா, சௌகார்பேட்டை சேட்டு வீடா, யாருக்குத் தெரியும்? கைக்குப் பாஷை கெடையாது. நீ பழக்கறது உனக்கில்லடா, அவங்களுக்கு. இதைத்தான் நீ அடிக்கடி மறந்துடறே.

குதிகால் விஷயத்துக்கு வர்றேன். எதிர்வீட்டுப் பசங்க மூணு பேரையும் அது செப்டிக் டேங்க் மூடி மேல ஒண்ணா நிக்க வெச்சுதே, ஒருத்தன் நகந்தா குதிகால்ல ஒரு கிள்ளு. ஊரே சிரிச்சுது, அந்தப் பசங்களோட அம்மா சிரிக்கல. சின்னப் பசங்க கத்திக்கினு ஓடினா அதுக்கு அது மந்தை கலையற மாதிரிதான். நீயும் பின்னாலயே கத்திக்கினு ஓடினே, அது உன்னை உதவிக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக்கிச்சு. ஓடறவங்க நிக்கணும், கத்தறவங்க வாயை மூடணும், நீ ஒரு கயித்துப் பொம்மையை அது வாய்ல குடுக்கணும். பசங்க ஆடற நேரத்துல குட்டி கழுத்துல கயிறு, கயிறு உன் கையில. பல்லு பட்டுத் தோல் கீறிப்போச்சுன்னா மட்டும் வெளையாட்டு வேணாம். குட்டிதானே, நம்ம வீட்டுதுதானேன்னு மஞ்சளை அப்பாதே. ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி. வெறிநோய் வந்துட்டா அப்புறம் வைத்தியமே கெடையாது.

கடற்கரைக்குக் கூட்டிக்கினு போவாதேன்னு நான் சொல்லல. ஆனா குப்பத்துப் பக்கம் வலை காயற எடத்துல அவுத்து விடாதே. காய்ஞ்ச மீன் தலைன்னு நெனச்சு முழுங்கும், உள்ள தூண்டில் முள்ளு இருக்கும். வலையில பேத்தை மாட்டினா மீனவங்க மணல்ல விட்டெறிஞ்சுட்டுப் பூடுவாங்க, பலூனாட்டம் ஊதிக்கினு கெடக்கும். மனுசனையே கொல்ற விஷம் அதுல. உன் குட்டிக்கு உருண்டையா எது கெடந்தாலும் வெளையாட்டுச் சாமான். சித்திரை வைகாசியில மத்தியான மணல்ல அதை நடத்தறதுக்கு முன்னாடி உன் செருப்பைக் கழட்டிட்டு நீ ஒரு பத்தடி நட. அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

தையிலேர்ந்து பங்குனி வரைக்கும் இன்னொரு வம்பு இருக்கு. ராத்திரியில பங்குனி ஆமை கரையேறி, மணல்ல பள்ளம் தோண்டி, நூறு முட்டை வாக்குல போட்டு மூடிட்டுக் கடலுக்குத் திரும்பிடும். மூக்கும் நகமும் இருக்கிற ஜீவனுக்கு அது புதையல். மெட்ராஸ்ல 1988-லேர்ந்து மாணவப் பசங்க ராத்திரி ராத்திரியா கடற்கரையில நடந்து அந்த முட்டையை எடுத்து, வேலி போட்ட மணல்ல பத்திரமா புதைச்சுக் குஞ்சு பொரிக்க வெக்கிறாங்க. அந்த வேலி யாருக்குப் பயந்துன்னு நெனக்கிறே? மனுசனுக்குப் பாதி, உன் பிக்சலோட சித்தப்பன் பெரியப்பனுக்குப் பாதி. 1972 வனவிலங்குச் சட்டத்துல ஆமைக்குப் புலிக்குச் சமமான அந்தஸ்து. ஆமை முட்டைக் கேசுல உன் பேரு வந்தா, நான் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன். இப்பவே சொல்லி வெச்சுட்டேன்.

வீட்டுக்குப் பின்னால பனங்காடு வேற. உன் குட்டி ஒவ்வொரு வளையிலயும் மூக்கை விட்டுக் குசலம் விசாரிக்குது. வடநெம்மேலியில முதலைப் பண்ணைக்குள்ள இருளருங்க பாம்பு புடிக்கிற கூட்டுறவு சங்கம் இருக்கே, 1978-லேர்ந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலுலயும் விஷம் எடுத்து மருந்து செய்யறதுக்குக் குடுக்கிறாங்க. நம்ம மாவட்டத்து இருளருங்க ரெண்டு பேரு, மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவுல ஃப்ளோரிடா வரைக்கும் போய் மலைப்பாம்பு புடிச்சுக் குடுத்துட்டு வந்தாங்க, 2023-ல பத்மஸ்ரீயும் வாங்கினாங்க. அவங்களே பாம்புன்னா ஒதுங்கி நின்னு மரியாதை குடுப்பாங்க. நாயைக் கடிச்சாலும் மனுசனுக்குப் போடற அதே விஷமுறிவு மருந்துதான். அதனால மூஞ்சி வீங்கிச்சுன்னா வேப்பிலை அடிக்காம வண்டியை எடு.

இப்ப சொல்றதைக் கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளு, இதுல கிண்டல் இல்ல. நம்ம ஊர்ல நாய்க்குச் சொறின்னாலும் உண்ணின்னாலும் கைக்கு வர்ற முதல் மருந்து ஐவர்மெக்டின். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடறதுதான், என் கொட்டகை மாடத்துலயே ஒரு பாட்டில் இருக்கு. கோலி ரத்தம் ஓடற நாய்ங்க சிலதுக்கு எம்டிஆர்-1னு ஒரு ஜீன்ல பழுது இருக்குமாம். மருந்தை மூளைக்குள்ள நுழைய விடாம வெளிய தள்ளற காவல் அந்த நாய்க்கு இருக்காது. மத்த நாய் தாங்கற அளவு மருந்து போட்டா இது எச்சில் ஒழுக்கும், தள்ளாடும், கண்ணு தெரியாம பூடும், நினைவு தப்பிச் செத்தும் பூடும். 2001-ல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில இதைக் கண்டுபுடிச்சு எழுதினாங்கன்னு பேத்தி சொன்னா. அங்கத்து டாக்டருங்க, பாதம் வெள்ளையா இருக்கிற நாய்க்கு அந்த மருந்தைத் தொடாதேன்னு சொலவடையே வெச்சிருக்காங்களாம். உன் குட்டிக்கு நாலு பாதமும் வெள்ளை. ஆத்தா தெருநாயா இருந்தாலும் அப்பன் யாருங்கிற சந்தேகத்தை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடு. குடும்ப மானம் போயிடும்னு மறைக்காதே. தாத்தா, மாடத்துல இருக்கிற பாட்டில்லேர்ந்து ரெண்டு சொட்டுன்னு ராத்திரியில வந்து கேட்டா, தொரட்டிதான் பேசும்.

பார்வோ ஊசி, வெறிநோய் ஊசி எல்லாம் போட்டு அட்டையில ஒட்டி வெச்சிருக்கே, பாத்தேன். அதை மட்டும் ஒழுங்கா பண்ணியிருக்கே. ப்ரிட்ஜ் மேல வைக்காதே, அது எட்டிடும்.

கட்டில் சமாசாரம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உங்கம்மா சொல்லிட்டா. நீ ஒரு ஓரம், உன் பொண்டாட்டி ஒரு ஓரம், நடுவுல இது மல்லாந்துக்கினு. உனக்கு அது பாசம். நாளைக்கு அது போற வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலையில ஆபீசுக்குப் பூட்டா, பூட்டின வீட்டுக்குள்ள அது தனியா இருக்கணும். நீ வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறவன், ஒரு நிமிஷம் அதை விட்டுப் பிரிஞ்சதில்ல. இப்பத்துலேர்ந்து பழக்கு. கதவைச் சாத்திட்டு வெளிய வா, நிமிஷக் கணக்குல ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டு. குலைச்சா உடனே உள்ள ஓடாதே, குலைச்சாத்தான் கதவு தொறக்கும்னு அது கணக்குப் போட்டுடும். நீ வெளிய நிக்கிற நேரத்துல இங்க வா. எனக்கு வெத்தலை நறுக்கிக் குடுக்க ஆளில்ல.

கேட்டு வர்றவங்களைப் பத்திச் சொல்லணும். இத்தனை நாளா உனக்கு வந்த போனெல்லாம் எனக்கும் தெரியும், திண்ணைக்குத் தெரியாதது ஊர்ல இல்ல. ஒருத்தர் பண்ணை வீட்டுக்காரர், வாட்ச்மேனுக்குத் துணையா கேட்டுல கட்டிப் போட நாய் வேணும்னாரு. இந்தக் குட்டியைச் சங்கிலியில கட்டினா ஒரே மாசத்துல பைத்தியம் புடிச்சுடும், அப்புறம் கடிக்குதுன்னு ரோட்டுல விடுவாரு. இன்னொருத்தர் பொண்ணோட பொறந்தநாளுக்குப் பரிசாக் கேட்டாரு. கேக்கு ஒரு நாள்ல தீந்துடும், நாய் பன்னண்டு பதினாலு வருஷம். மூணாவது ஆள் கொள்ளைப் பக்தி, நாயெல்லாம் பைரவர் சாமின்னு சொல்லிக்கினே வந்தாரு. அர்ச்சுனன் தபசுல எலிங்களுக்கு முன்னால கையைத் தூக்கிக்கினு தபசு பண்ணுதே ஒரு பூனை, அதைப் பாத்தவனுக்கு இந்த மாதிரி ஆளைப் பாத்தா உஷாராயிடும். குட்டி போட வெச்சு விக்கலாமான்னு கடைசியில கேட்டாரு இல்ல? அதனாலதான் கருத்தடை பண்ணித்தான் குடுப்போம், இல்லேன்னா வயசு வந்ததும் பண்ணுவோம்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கிறாங்க உன்கிட்ட குட்டியை விட்டுட்டுப் போன அந்த மீட்புக்காரம்மா. அவங்க வெவரமானவங்க.

நாவலூர்ல நாலாவது மாடியில இருக்கிற பொண்ணு ஒண்ணு கேட்டுச்சே, அதை ஏன் நீ தட்டிக் கழிச்சே? மாடி வீடுன்னா? எடம் பெருசா இருந்தா நாய்க்கு வேலை கெடைச்சுடுமா? உன் வீட்டுத் தோட்டம் பெருசுதான், அது முழுக்க இப்ப குழி. தெனம் ரெண்டு வேளை கூட நடந்து, ஒரு வேளை வித்தை காட்டி வெளையாட ஆளிருந்தா நாலாவது மாடியே போதும். அபார்ட்மென்ட் சங்கம் ஒத்துக்காதுன்னு சொல்லாதே. நாய் வளக்கவே கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015-லயே எழுதிட்டாங்க. அந்த வாரியம் பொறந்ததே நம்ம மெட்ராஸ்லதான், 1962-ல, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியம்மா தலைமையில. பேப்பரைக் காட்டச் சொல்லு. வீட்டு ஓனர் வேற ஜாதி, அவர்கிட்ட அந்தப் பொண்ணு தனியாத்தான் பேசணும்.

அடுத்தவங்க நாயை எடுத்து வெச்சு வளக்கிறது ஏதோ நீ கொண்டாந்த புதுப் பழக்கம்னு மட்டும் மார்தட்டாதே. 1959 மழை வெள்ளத்துல தத்தளிச்ச நாய்க்குட்டிங்களை விமானம் ஓட்டற கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்தாரு, அதுலேர்ந்து வளந்ததுதான் ப்ளூ கிராஸ். தெருநாய்க்குக் கருத்தடை பண்ணிட்டு விட்ருங்க, கொல்லாதீங்கன்னு அவங்க 1964-லேர்ந்து சொல்லிக்கினே இருந்தாங்க. மெட்ராஸ் மாநகராட்சி காதுல அது ஏறினப்ப 1996. அதுவரைக்கும் புடிச்சுக்கினு போனா போனதுதான். நீ ஒரு குட்டியை வெச்சுக்கினு தூக்கம் போச்சுன்னு அழுவறே.

சரி, ஞாயித்துக்கெழமை அந்த நாவலூர்ப் பொண்ணை வரச்சொல்லு. வந்தா இன்னா பேசணும்னு சொல்றேன். சந்தையில மாடு விக்கிறவன் குறையை மறைப்பான். கெழட்டு மாட்டுக் கொம்பைச் சீவிக் கன்னியாக்குவான், நொண்டற மாட்டை உக்கார வெச்சே பேரம் முடிப்பான். தரகன் துண்டைப் போட்டு மூடி உள்ள விரலைப் புடிச்சு வெலை பேசறதே பக்கத்துல நிக்கிறவனுக்கு எதுவும் தெரியக்கூடாதுன்னுதான். நீ தலைகீழாப் பண்ணு. கொக்கி தொறக்கும், செருப்பு சேக்கும், ஓடற பசங்க குதிகாலைக் கிள்ளும், தனியா விட்டா ஊளையிடும், ஐவர்மெக்டின் ஆவாதுன்னு எல்லாக் குறையையும் முதல்லயே அடுக்கு. ஊசி அட்டையைக் கையில குடு. அது படுக்கிற பழைய போர்வையைத் தொவைக்காம குடு, புது எடத்துல அந்த வாசனை கூட இருக்கட்டும். தீனி எதுன்னு சொல்லு, ஒரு வாரத்துக்கு அதே தீனியைப் போடச் சொல்லு. இத்தனையும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு எழுந்து பூட்டா, போவட்டும். சிரிச்சுக்கினு கொட்டாங்கச்சி எங்க கெடைக்கும்னு கேட்டுச்சுன்னா, கயித்தைக் குடுத்துடு. அப்புறம் தெனம் போன் போட்டு உயிரை எடுக்காதே. முதல் வாரம் ஒரு தடவை, முதல் மாசம் ஒரு தடவை, போதும். மாமியார் வேலை பாக்காதே.

கொடுத்துட்டு அழுவியா? அழு. கதவைச் சாத்திக்கினு அழு, ஊர் பாக்காம. அதுக்குள்ள அந்த மீட்புக்காரம்மாகிட்டேர்ந்து போன் வந்துடும். ஒரு வீட்டுல குட்டி நல்லா வளந்துச்சுன்னு தெரிஞ்சா அவங்க அந்த நம்பரை அழிக்க மாட்டாங்க. அடுத்தது குட்டியா வராது, வயித்துல ஏழெட்டு குட்டியோட ஒரு ஆத்தாவா வரும். அதுக்கு உன் ஹால் பத்தாது, என் பழைய ஆட்டுக் கொட்டகையைத்தான் கேப்பே. நான் இல்லேன்னு சொல்லமாட்டேன், கீத்து மாத்தி நல்லாத்தான் வெச்சிருக்கேன். ஆனா வாடகை உண்டு. துண்டு உன் தோள்லதானே இருக்கு, இப்பிடிப் போட்டு மூடு, விரலைக் குடு, சொல்றேன்.